நாலு விநாடிக் கல்யாணம்

திருமணப் பதிவு அலுவலகத்தின் இரண்டாவது மேஜையில் இருந்த எழுத்தரம்மாவை நம்பி ஒரு டேப்லெட், ஒரு ரப்பர் முத்திரை, நூலில் கட்டிய ஒரு பேனா ஆகியவை ஒப்படைக்கப்பட்டிருந்தன. மூன்றில் பேனாதான் வேகம். டேப்லெட்டில் மணமக்களின் விவரத்தை ஏற்றி, இருவரின் கட்டைவிரலையும் பதிய வைத்து, ‘அனுப்பு’ என்ற இடத்தைத் தொட்டால் திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து பதிவு எண் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஒருமுறை வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணப்பெண்ணின் அக்காவுக்கு வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, குழந்தையும் பிறந்து, போனில் செய்தியும் வந்த பிறகுதான் எண் வந்தது. சித்தப்பா கிடைப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை அது.

“வட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது” என்று வீட்டில் ஒருநாள் புலம்பினாள். அவள் கொழுந்தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் குடும்பத்தில் அவனுக்கு ‘ஸ்க்ரூ’ என்று பெயர். அவன் டேப்லெட்டின் மாடலைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அண்ணி, உங்க ஆபீஸ் சுவத்துல இருக்கற வைஃபை பெட்டி புதுசு. டேப்லெட்டுக்குள்ள இருக்கற கார்டுதான் கிழடு. ஆறு வழி ரோட்டுல தள்ளுவண்டி ஓட்டறீங்க. மத்த டேப்லெட்ல கார்டு போர்டோட ஒட்டியே வரும், ஒண்ணும் பண்ண முடியாது. இதுல கழட்டி மாட்டலாம்.”

எழுத்தரம்மா அதிகாரியிடம் அனுமதி கேட்டாள். அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். “புதுசா ஒண்ணு வாங்கணும்னாதாம்மா மேலிடத்துல கேக்கணும். உள்ள இருக்கறத மாத்தினா யாருக்குத் தெரியப்போகுது” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு ஸ்க்ரூ வேலையில் இறங்கினான். தலை உலர்த்தும் மெஷினால் ஓரத்தைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, பின்பக்கத்தை ஓடு பிரிப்பது போலப் பிரித்தான். உள்ளே தபால்தலை அளவில் ஒரு கார்டு. ஒரே ஒரு திருகு. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மயிரிழை வயர்கள். “அண்ணி, மூச்சு விடாதீங்க, திருகு பறந்துடும்” என்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பழையதை எடுத்து, புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தி, திருகை முடுக்கி, வயர் முனைகளைச் சட்டைப் பித்தான் போல ‘டக், டக்’ என்று பதித்தான். இனி மூச்சு விடலாம் என்று சொல்லத்தான் மறந்துவிட்டான். அவள் முகம் சிவந்து மேஜையைத் தட்டிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

திங்கட்கிழமை முதல் ஜோடி வந்தது. பெண்ணின் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எழுத்தரம்மா முத்திரை குத்திவிட்டிருந்தாள்.

“ஆரம்பிக்கலாம்மா” என்றார் அவர்.

“முடிஞ்சிடுச்சுங்க. நாலு விநாடி.”

“நான் பாக்கலயே.”

“நீங்க பாக்கலைன்னாலும் செல்லும்.”

“ஒரே பொண்ணும்மா எனக்கு. இன்னொரு தடவை பண்ணுங்க.”

அவளுக்கும் பாவமாக இருந்தது. மறுபடி விவரத்தை ஏற்றிப் பார்த்தாள். இவர்கள் ஏற்கனவே தம்பதிகள், விவாகரத்துக்குப் பிறகே மறுபதிவு செய்ய முடியும் என்று திரை சொன்னது. அதை வாசித்துக் காட்டினாள். பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டு, “அது எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

அன்று மாலை, காலையில் பதிவு செய்துகொண்டு போன இன்னொரு ஜோடி திரும்பி வந்தது. பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம், எங்களுக்கு ஆன மாதிரியே இல்ல. வெளிய போனதும் பழக்க தோஷத்துல அவர் அவர் பஸ்ல ஏறிட்டார், நான் என் பஸ்ல ஏறிட்டேன். வீட்டுக்குப் போய் கை கால் கழுவிட்டேன். எங்கடி மாப்பிள்ளைன்னு அம்மா கேட்டப்பதான் உறைச்சுது.”

“நான் வேலைக்கே போயிட்டேன் மேடம்” என்றான் அவன், தலையைக் குனிந்தபடி. “லீவு போட்டவன் ஏன் வந்தேன்னு மேனேஜர் கேட்டார்.”

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காந்துட்டுப் போறோம்.”

உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த ஜோடியும் உட்கார்ந்தது. புதன்கிழமைக்குள் பெஞ்சு நிரம்பி, மாடிப்படி நிரம்பி, அதிகாரியின் அறையில் இருந்த வருகையாளர் நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. முன்பெல்லாம் அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் மாமன்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், சம்பந்திகள் ஒருவர் ஊரை ஒருவர் விசாரிப்பதும், அம்மாக்கள் அழுது முடிப்பதும் நடந்துகொண்டிருந்தன என்பது எழுத்தரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போது எல்லாம் பாக்கி நின்றன. கல்யாணம் ஆனவர்கள் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆகாதவர்கள் உள்ளே வர வழியில்லை.

அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தார். “முன்னாடி ஒரு நாளைக்கு எட்டு ஜோடி வந்தாங்க, எட்டு ஜோடியும் போனாங்க. இப்ப நாப்பது வராங்க. ஒருத்தரும் போகலயேம்மா.”

எழுத்தரம்மா கொழுந்தனுக்குப் போன் போட்டாள். “பழைய கார்டை மாட்டிக் கொடுத்துடுப்பா.”

“அதைக் கழட்டும்போதே முனை பேந்துடுச்சு அண்ணி. தூக்கிப் போட்டுட்டேன். வேகம் வேணாம்னு கேக்கற மொத ஆள் நீங்கதான்” என்றான் ஸ்க்ரூ. கொஞ்சம் யோசித்துவிட்டு, “தகர டப்பா ஏதாவது இருக்கா? டேப்லெட்டை அதுக்குள்ள வச்சு மூடினா சிக்னல் செத்துடும். மூடியை எவ்வளவு திறக்கறீங்களோ அவ்வளவு வேகம்” என்றான்.

வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே இருந்த ஊசி நூலையெல்லாம் கொட்டிவிட்டு மறுநாள் அதைக் கொண்டுபோனாள். ‘அனுப்பு’ என்பதைத் தொட்டதும் டேப்லெட்டை டப்பாவில் வைத்து, மூடியைச் சாய்த்து வைத்தாள். ஒரு விரல் இடைவெளி விட்டால் பத்து நிமிடம்; நகக்கண் அளவு விட்டால் அரை மணி. இரண்டே நாளில் கை பழகிவிட்டது. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே மூடியை நகர்த்தினாள். அழுகிற அம்மா வந்தால் நகக்கண். இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் நகக்கண்ணிலும் பாதி. பெஞ்சு காலியாயிற்று. டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே ஏதோ வேகிறது என்று நினைத்தவர்கள் போல மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா வாசலிலிருந்தே சத்தம். சாப்பாடு ஆறிப்போகும், சீக்கிரம் ஆகட்டும் என்றார். பெண் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தாள். விரலைப் பதித்தாள். எழுத்தரம்மா டேப்லெட்டை டப்பாவில் வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டாள்.

முந்தைய ஜோடிக்கு மூடி நகர்ந்ததைக் கவனித்திருந்த பெண் குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள்: “மேடம், மூடியை இன்னும் கொஞ்சம் மூட முடியுமா?”

“எவ்வளவும்மா?”

“எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு.”

எழுத்தரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியை அழுத்தினாள். அது ‘டப்’ என்று உட்கார்ந்துகொண்டது.

பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. மாமா மேஜையைத் தட்டினார். “திறம்மா அதை.”

“உள்ள நடந்துக்கிட்டிருக்குங்க. நடுவுல திறக்கக் கூடாது” என்றாள் எழுத்தரம்மா. இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதிகாரி எழுந்து வந்தார். அவள் கை டப்பாவின் மேல் இருந்ததையும் பெண்ணின் கண்ணையும் பார்த்தார். “ஆமாங்க, திறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பதாவது நிமிடம் பெண் எழுந்தாள். “எனக்கு இஷ்டமில்லைப்பா. மூணு மாசமா சொல்ல வந்துட்டே இருக்கேன். நீங்க எல்லாரும் பேசிட்டே இருந்தீங்க” என்றாள். அவள் அப்பா மகளின் கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

சத்தம் ஓய்ந்து கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமா புகார் எழுதப் பேனா கேட்டார். நூல் எட்டவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். எழுத்தரம்மா டப்பாவைத் திறந்தாள். நேரம் கடந்துவிட்டது, விண்ணப்பம் ரத்து என்று திரையில் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தான்.

“வருத்தமா இருக்கா தம்பி?”

“தெரியலைங்க” என்றான். “பசிக்குது. காலைலேர்ந்து யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லல.”

அவள் தன் டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜோடி வந்தது. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். சாட்சிகளைத் தவிர உடன் யாரும் இல்லை. உட்காரக்கூட இல்லை.

“நேரமாகுமாங்க?” என்று அந்த அம்மாள் கேட்டாள். “எட்டு வருஷம் காத்திருந்தாச்சு.”

எழுத்தரம்மா டப்பாவை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, டேப்லெட்டை வெறும் மேஜையில் வைத்து ‘அனுப்பு’ என்பதைத் தொட்டாள்.