ஏழுக்கும் ஏழுக்கும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மடிக்கணினியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"பதினோரு வருஷம் வீட்ல இருந்துட்டு மறுபடி வேலைக்குப் போனது தப்புடா. ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். நாளைக்குக் காலைல அனுப்பிடுவேன்."

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

எதிர்பார்த்தது 7. வந்தது 7. பொருந்தவில்லை.

"மூணு நாளா இதையே பாத்துட்டிருக்கேன். ஏழுக்கும் ஏழுக்கும் என்னடா வித்தியாசம்? எனக்கு மூளை மழுங்கிடுச்சு. பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட கேக்கவும் வெக்கமா இருக்கு."

அந்த வரியைக் காட்டும் கருவியை எழுதியவன் தம்பிதான். நிரலைச் சோதிக்கும்போது நிஜ சேவைக்குப் பதில் ஒரு போலியை நிறுத்தி, அதற்கு என்ன வந்து சேருகிறது என்று பார்க்கும் கருவி அது. எட்டு வருடத்துக்கு முன் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தான். வீட்டில் சொன்னதில்லை. இணையத்தில் அவன் பெயர் ஓணான். சின்ன வயதில் அக்கா வைத்த பட்டப்பெயர்.

ஒரு ஏழு எண். மற்றது எழுத்தாக வந்த ஏழு. கருவிக்கு அது தெரியும். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பு யாரோ ஒருவர் இதே புகாரை அனுப்பியிருந்தார். 'பயனரின் தவறு' என்று இரண்டே சொல்லில் மூடிவிட்டான்.

"இதை எழுதினவன் மட்டும் கைல கிடைக்கட்டும்," என்றாள் அக்கா.

"கிடைச்சா?"

"காதைத் திருகிடுவேன்."

விடை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், உனக்குத் தெரியுது எனக்குத் தெரியலையே என்பாள். ராஜினாமா அப்படியே இருக்கும்.

"அவன் எப்படிச் சொல்லியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும்?"

அக்கா யோசித்தாள். "பாக்க ரெண்டும் ஒண்ணுதான், இதுல வேற, இந்த வரியில போய்ப் பாருன்னு சொல்லலாம்ல. வாசல்ல நிறுத்திக் கதவைச் சாத்துற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் படுத்து எந்திரி. வரேன்."

இரண்டு மணி நேரம் கழித்து அவளை எழுப்பினான். "அந்தக் கருவிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. போட்டுப் பாரு."

எதிர்பார்த்தது எண் 7. வந்தது எழுத்து "7". மதிப்பு ஒன்றே, வகை வேறு. உங்கள் வரி 41.

"அட," என்றாள். படிவத்திலிருந்து வந்ததை எண்ணாக மாற்ற விட்டுப்போயிருந்தது. மாற்றினாள். சோதனை பச்சையாகத் தேறியது.

சும்மா இருக்காமல், என்ன மாறியிருக்கிறது என்று பதிப்புக் குறிப்பைத் திறந்தாள்.

'பழைய புகாரை மறுபடி திறந்திருக்கிறேன். தவறு என்னுடையது. செய்தியை மாற்றச் சொன்னவர்: அக்கா. இப்படிக்கு, ஓணான்.'

கடைசிச் சொல்லை விரலால் தொட்டாள்.

"இங்க வா."

அவன் குனிந்து காதைக் கொடுத்தான். அவள் பிடித்தாள். திருகவில்லை.

"ராஜினாமா?" என்றான், குனிந்தபடியே.

"பேசாம நில்லுடா," என்றாள். மறு கையால் அதைத் தேடி அழித்தாள்.