கிட்டே வந்தால் கோணும் கண்

மகள் அஜ்மலை வாரியெடுத்துக் கொஞ்சுவதை அமீருன்னிசா நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. எல்லாம் பயம்தான். மூன்று வயதுப் பெண் குழந்தை. தெருக்கோடியில் போகும் ஜட்கா வண்டியைப் பார்த்தால் கண் இரண்டும் நேராகத்தான் இருக்கும். அம்மா மடியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாலோ, இடது கண் மூக்குப் பக்கம் ஓடிவிடும்.

"ஒம் மூஞ்சியப் பாக்கையிலதேன் பிள்ளைக்குக் கண்ணு கோணுது. எங்கூட அனுப்பு, நான் வளக்குறேன்" என்றாள், வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் மரியம் பீவி. பெரிய வைத்தியச்சி!

அமீருன்னிசாவுக்கு அதைத் தள்ளிவிட முடியவில்லை. பெற்ற நாமே பிள்ளையைக் கெடுக்கிறோமோ என்று நினைத்தாள். குழந்தை ஓடிவந்தால், "அங்கிட்டே நில்லுடி" என்று கையை நீட்டித் தடுப்பாள். தூங்கிய பிறகுதான் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். மூடிய கண் எப்படிக் கோணும்?

தொப்பிக் கடை வைத்திருந்த அவள் கணவர் சேக் மைதீன், "அக்கா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருவோம்" என்றார்.

டாக்டர் சாம்பசிவத்தின் அறையில் அமீருன்னிசா குழந்தைக்குப் பின்னால், துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். டாக்டர் பெப்பர்மிண்ட் ஒன்றைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனார். இடது கண் உள்ளே ஓடியது.

"நான் இங்கிட்டுல்ல நிக்கிறேன்! மிட்டாய்க்குமா கோணுது?" என்று கத்திவிட்டாள்.

"கிட்டத்துல எதைப் பாத்தாலும் இப்படித்தாம்மா. பாக்கறதுக்குக் கண் ரொம்பச் சிரமப்படறது, அதுல உள்ளே இழுத்துக்கறது. கண்ணாடி போட்டா போதும்."

அவர் கண்ணில் மருந்து விட்டுச் சோதித்து, கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தார். அது வந்து சேரும்வரை அமீருன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்னது பொய்யாகிவிட்டால்?

வந்த கண்ணாடியின் கீழ்ப்பாதியில், கிட்டத்தில் பார்ப்பதற்கென்று இன்னொரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தார்கள். சேக் மைதீன் அதைக் குழந்தைக்கு மாட்டி, பின்னந்தலையில் நாடாவைக் கட்டிவிட்டு, பெப்பர்மிண்டை அருகே காட்டினார். இரண்டு கண்ணும் நேராகவே நின்றன.

"பிள்ள எங்கயும் போகல" என்றார் அக்காவிடம்.

அமீருன்னிசா அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி, எந்தங்கம். அம்மாட்ட வா."

அஜ்மல் ஓடிவரவில்லை. கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்று, புதுக் கண்ணாடிக்குள் கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா, நான் தூங்கிட்டேன். தூக்கிக்க."