கொடிமலையில் ஒரு நேர்த்தி

கீழே நீரிணையும், அதன் கரையில் ஜோர்ஜ் டவுன் நகரின் செவ்வோட்டுக் கூரைகளும், அப்பால் ஜெலுத்தோங்கின் அடுக்குமாடிகளும் நண்பகல் வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, மேலே கொடிமலையின் காட்டுப் பூங்காவிலோ, கதிரவன் இருக்குமிடமே தெரியாதபடி மூடுபனி இறங்கி மரங்களை ஒன்றன்பின் ஒன்றாய் விழுங்கிக்கொண்டிருந்தது. காலை முழுதும் காடதிர ஒலித்த சில்வண்டுகள் ஏனோ வாயடைத்துவிட்டன. அந்த அமைதி பத்மாவதிக்குப் பிடிக்கவில்லை.

ஆயினும் அவள் திரும்பிச் செல்ல ஒப்பவில்லை. சென்ற ஆண்டு கணவர் நாகநாதன் நெஞ்சடைத்து விழுந்து, மருத்துவர்களும் கைவிரித்த வேளையில், அவர் பிழைத்தால் சனிக்கிழமைதோறும் குரங்குகளுக்குப் பழம் படைப்பதாக அனுமனிடம் நேர்ந்துகொண்டவள் அவள். அவர் பிழைத்தார், அவளும் சொல் தவறவில்லை. பழங்களோடு திருநீற்றையும், வலி வந்தால் நாவினடியில் வைக்கவேண்டிய அவருடைய மாத்திரைக் குப்பியையும் ஒரே மஞ்சள் பையில் இட்டு வருவாள். சாமிக்குரிய பையில் இருந்தால் மருந்துக்கு வலிமை கூடுமென்பது, பாவம், அவள் எண்ணம்.

நடைபாதை தொடங்குமிடத்தில் காவலர் கமாலுதீன் அன்றும் தடுத்தார்.

"அக்கா, குரங்குக்குச் சாப்பாடு கொடுக்காதீங்க லா. இப்பெல்லாம் பையைப் பார்த்தாலே பாயுது."

"சாமிக்கு நேர்ந்தது, தம்பி. அதுகள் என்னை ஒண்டும் செய்யாதுகள்."

அன்று அவளோடு வந்து, மந்திகளைக் காணும் ஆவலில் அண்ணாந்தபடியே ஏறிக்கொண்டிருந்த நாகநாதன், பெருமரமொன்றன் வேரருகே சட்டென நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பத்மா, நெஞ்சு இறுக்குது."

"இருங்கோ, இருங்கோ, எடுக்கிறன்!"

அவள் பையின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்ததுதான் தாமதம், பனிக்குள்ளிருந்து ஒலியின்றி இறங்கின குரங்குகள், பழக்கப்பட்ட விருந்தினரைப் போல. கூட்டத்திற் பெரியது பையைப் பறித்துக்கொண்டு உச்சிக்கிளை ஏறிற்று. பழங்களை உரித்துத் தின்றது. குப்பியைக் கடித்துப் பார்த்தது. சுவையில்லையென்று கண்டு பள்ளத்தை நோக்கி எறிந்தது. விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை.

கைப்பேசியில் அவள் அலறிய குரல் கேட்டுக் கமாலுதீன் தடியோடு ஓடிவந்தபோது, நாகநாதனின் தலை அவள் மடியில் இருந்தது. அவர் கையை அவள் இறுகப் பற்றியிருந்தாள். அவர் கை அவளைப் பற்றவில்லை. சூழ அமர்ந்திருந்த குரங்குகள், இன்னும் பழம் வருமென்று அவள் முகத்தையே பார்த்திருந்தன. காவலர் தடியை ஓங்கினார்.

"அடிக்காதேங்கோ, தம்பி," என்றாள் அவள், கண்ணீரின்றி. "அதுகளில பிழை இல்லை. பையை அவிழ்த்தால் தங்களுக்குத்தான் எண்டு பழக்கினது நான்."

தெய்வம் தந்ததென அவள் நம்பிய வாழ்வை, அத்தெய்வத்துக்கு நன்றி செலுத்தப் போன வழியிலேயே இழந்தாள். அவள் அன்பில் கள்ளமில்லை. ஆனால் கள்ளமில்லாதவர்க்கென்று காடு தன் வழக்கத்தைத் தளர்த்துவதில்லை.