கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டியவன்

மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டால் ஆயிற்றா, மனது என்ன தண்ணீர்க் குழாயா, திருகி மூடிவிட்டுப் போக… கண்ணை மூடு, முதுகை நிமிர்த்து, குதிகால்மேல் உட்கார், மூச்சைக் கவனி, எல்லாம் சரி, மூச்சே அனலாக வந்தால் எதைக் கவனிப்பது. முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்த வயதிலும் வரிசையில் வளையாத முதுகு அவருடையதுதான், ஆனால் வலது முட்டி, போன வருஷம் அறுத்துத் தைத்த முட்டி, அதுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கேடே அதனால் வந்ததுதானே. அது மட்டும் சரியாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடந்த, கருப்பு பெல்ட்டில் அடுத்த படிக்கான தேர்வில் அவரும் நின்றிருப்பார், தம்பியின் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் படித்திருப்பார்கள், இன்றைக்கு இப்படி இரண்டாவது ஆளாக, அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்ட சொந்தத் தம்பிக்குக் கீழே… கீழே. அந்தச் சொல்லை நினைத்தாலே காது சுட்டது.

டயர்க்கடை மாடியில் இருக்கும் இந்தக் கராத்தே கூடத்தில் வயதுக்கு மதிப்பில்லை, பெல்ட்டுக்குத்தான். பெரிய பெல்ட் வலது ஓரம், புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட் இடது ஓரம். வகுப்புக்கு முன்னால் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். தொடங்கிவைப்பது மாஸ்டர், முடித்துவைப்பது வலது ஓரத்து ஆள். அந்த ஆள் ‘யமே’ என்று உரக்கச் சொன்னால்தான் கண்ணைத் திறக்கலாம், அதுவரை கூரையே இடிந்தாலும் இமை அசையக் கூடாது, மாஸ்டருக்கும் அதே சட்டம்தான். எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது, கீழே டயருக்குக் காற்றடிப்பவன்கூடக் குழாயைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்ப்பான், அப்படிப்பட்ட குரல். இன்றைக்கு மாஸ்டர் வந்ததும் வராததுமாக விரலை நீட்டினார், நாற்காலியை இடம் மாற்றச் சொல்வதுபோல, நீங்க இங்க, அவர் அங்க, அவ்வளவுதான். மாஸ்டராம். பகலெல்லாம் மீட்டர் பழுது பார்க்கிற பயல், இவர் கருப்பு பெல்ட் கட்டும்போது மீசை அரும்பாத பயல். போதாததற்கு மருந்துக்கடைக்காரர் வேறு, இவருக்கு இடப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மனுஷர், உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என்ன சார், இனிமே வீட்லயும் வரிசை மாறுமா?” என்றார். சிரித்தார்கள். இவர் திரும்பிப் பார்த்தார், ஒரு பார்வைதான், மருந்துக்கடைக்காரர் குனிந்து தன் பெல்ட் முடிச்சை ஆராய ஆரம்பித்துவிட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதானே. நாளைக்கு அவர் கடையில் இருமலுக்கு மருந்து வாங்க வருகிறவனுக்கெல்லாம் இந்தக் கதையும் சேர்த்துக் கிடைக்கும்.

வீட்டிலும் வரிசை மாறுமா… மாறட்டுமே, பார்ப்போம். அப்பா கண்ணை மூடியபோது தம்பி அரைக்கால் சட்டை போட்டிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவர் உட்காராமல் யாரும் தட்டில் கை வைத்ததில்லை. கண்ணாடிக் கடையிலும் அப்படித்தான், அளவெடுப்பது இவர், அறுப்பது தம்பி, சக்கரம் வைத்த பேனாவைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு ஒரு முறை நிமிர்ந்து இவரைப் பார்ப்பான், இவர் தலையசைத்த பிறகுதான் இழுப்பான். வாடிக்கையாளர்கள் பார்த்து அசந்துபோவார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று. அதுதான் குடும்பம். அதற்குப் பெயர்தான் மரியாதை. இந்த மனைவிக்கு அது புரிகிறதா, தேர்வு முடிந்ததும் உங்கள் தம்பி முதலில் உங்களுக்குத்தானே போன் செய்தார், நீங்கள் ‘ம்’ என்று சொல்லி வைத்துவிட்டீர்களே, மனசு எப்படி இருந்திருக்கும் அவருக்கு என்கிறாள். மனசு. அவனுக்கு மட்டும்தான் மனசு இருக்கிறதா… சரி, முடிவெடுத்தாயிற்று. அவன் அந்தச் சொல்லைச் சொல்லட்டும், அண்ணன் தலைமேல் ஏறி நின்று இத்தனை பேர் நடுவில் ஆணை போடட்டும், அடுத்த நிமிஷம் இவர் எழுந்துவிடுவார், பெல்ட்டை அவிழ்த்து அவன் மடியில் போட்டுவிட்டுப் படியிறங்கிவிடுவார். நாளைக்கே கடைக்கு நடுவில் தடுப்பு, வீட்டில் தனி அடுப்பு. வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம்.

திறக்கவில்லையே… எவ்வளவு நேரம் ஆயிற்று, வழக்கத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஓரத்தில் இவர் இருந்திருந்தால் எப்போதோ முடித்திருப்பார். கீழே காற்றுக் குழாய் சீறி ஓய்ந்தது. இடது ஓரத்தில் யாரோ செருமினார்கள், வேறு யாரோ காலை மாற்றிப் போட்ட சத்தம், அதுவும் கூடாது, யார் அது. மறந்துவிட்டானா, ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதைக்கூடவா… நல்லது, நன்றாகத் திணறட்டும், பெல்ட் கொடுத்தவனும் பார்க்கட்டும். முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு அதுவும் கசந்தது, ஏனென்றால் திணறுவது யார், இவர் வீட்டுப் பிள்ளை, சபை நடுவில் ஒரு சொல் வராமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான், மருந்துக்கடைக்காரர் உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டிருப்பார், நம் வீட்டு மானம் போகிறதே. சொல்லித் தொலையேன்டா. முட்டி கொதித்தது. தாங்காமல், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இடது கண்ணை இழையளவு திறந்து மற்றவர்களைப் பார்த்தார், எல்லோரும் மூடித்தான் இருந்தார்கள், மாஸ்டரும்தான். வலது கண்ணையும் திறந்தார். தம்பியின் கைகள் தொடைத் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தன. குரல்வளை ஏறியது, இறங்கியது. உதடு பிரிந்தது, ஒட்டியது, மறுபடி பிரிந்தது. நரைத்த கிருதாவுக்குக் கீழே வியர்வை. இவன் எப்போது நரைத்தான்…

தம்பி தலையைத் திருப்பாமலேயே, கண்ணைத் திறக்காமலேயே, கொஞ்சம் இவர் பக்கம் சாய்ந்தான்.

“அண்ணா… கண்ணத் திறக்கச் சொல்லட்டுமா?”

மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் அந்த அமைதியில் கடைசி வெள்ளை பெல்ட் வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ மூக்கு வழியாகச் சிரிப்பை அடக்கினார்கள். இவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே, கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் எல்லார் முன்னாலும், பெரிய பெல்ட் கட்டிய பிறகும் அண்ணனைக் கேட்காமல் வாய் திறக்காத தம்பி, இதைவிட என்ன வேண்டும்… ஆனால் கன்னத்தில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது. என்ன குரல் அது. பேரப்பிள்ளை எடுக்கப்போகிறவனின் குரலா அது. அவனுக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றைக்குப் பேருந்தில் இதே குரலில்தான் ‘நீங்க சொன்னா சரிண்ணா’ என்றான், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று இவர் கேட்டாரா, கேட்ட ஞாபகம் இல்லை. மரியாதை என்றால் குரல் இப்படியா நடுங்கும்? கோபம் போகவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் எரிந்தது, ஆனால் யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை, தம்பிமேல் வைத்தால் நிற்கவில்லை, மாஸ்டர்மேல் வைத்தால் நிற்கவில்லை. பதில் சொல்ல வேண்டும். சொல்லுடா என்றால் அதுவும் இவர் போட்ட ஆணை. என்னை ஏன்டா கேட்கிறாய் என்றால் அது அதட்டல். பேசாமல் இருந்தால் அவன் பொழுது விடியும்வரை இப்படியே உட்கார்ந்திருப்பான், அதுவும் ஆணைதான். ஆணை இல்லாத ஒரு சொல், தம்பியிடம் சொல்லத்தக்க ஒரு சொல்… நாக்கால் துழாவினார். பக்கத்தில் தம்பியின் மூச்சு நின்று நின்று வருவது கேட்டது, வரிசை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது.