இரண்டு அங்குலம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கிங்ஸ்பரியில் தன் வீட்டுக்கு முன்னால், நடு ரோட்டில், பத்மநாதன் குப்புறப் படுத்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைத் தலைவர். சொந்தமாக ஒரு பெற்றோல் நிலையம் வைத்திருப்பவர். மேடையில் பேசக் கூப்பிட்டால் பொன்னாடையைத் தானே வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடிய அளவுக்கு முன்யோசனைக்காரர். அப்படிப்பட்டவர் கன்னத்தைத் தாரில் ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தன் மஞ்சள் நிற மஸ்டாங் காரின் வயிற்றுக்கும் அது ஏறி நின்ற வேகத்தடை மேட்டுக்கும் நடுவே தெரிந்த வெளிச்சக் கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். அதைப் பக்குவமாக உருட்டிவிட்டார். அது உள்ளே போய், ஒரு கணம் யோசித்து, அந்தப் பக்கத்தால் வெளியே வந்தது. பத்மநாதனும் மூச்சை வெளியே விட்டார்.

எதிர்வீட்டுப் பியற்றிஸ் அக்கா உடுப்பு மாற்றாமலே ஓடிவந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். ரோட்டில் யாராவது படுத்திருந்தால் அவருடைய கால் தானாக ஓடும்.

"தம்பி, நெஞ்சு நோகுதோ?"

பத்மநாதன் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டார். தேசிக்காய் ஒன்று உருண்டு போய்விட்டது, அதைத்தான் எடுத்தேன் என்றார். பியற்றிஸ் பழத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். நோயாளிகள் சொல்லும் பொய்யை அப்படியே குறிப்பில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தில், ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காரின் உயரத்தை எலுமிச்சம்பழத்தால் அளக்கும் முறையைப் பத்மநாதனுக்குக் கற்றுக்கொடுத்தது கோயில். கார் வாங்கியபோது ஒரு பூசை செய்தார். பிறகு அதன் ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இரண்டு அங்குலம் கீழே பதித்தபோது, அதற்கும் ஒரு பூசை வேண்டுமென்று கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்பிரிங்குக்கு எந்த மந்திரம் பொருந்தும் என்று ஐயர் சற்று யோசித்துவிட்டு, பழைய மந்திரத்தையே சொல்லி, நாலு ரயருக்கும் கீழே நாலு பழத்தை வைத்தார். அதில் ஒன்று நழுவிக் காரின் அடியால் உருண்டு மறுபக்கம் வந்தது. அதைத் தொடர்ந்து உருண்ட தேங்காய் முன்பக்கத்தில் முட்டி நின்றுவிட்டது. அன்றிலிருந்து பத்மநாதனுக்குக் கணக்குச் சுத்தம்: பழம் போனால் கார் போகும்.

அந்தக் கார்மேல் வந்த ஆசைக்கு வயது முப்பதுக்கு மேல். அகதியாக வந்த புதிதில் பெற்றோல் நிலையம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் காசாளராக இருந்தார். நாலாம் பம்புக்கு ஒரு நாள் அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. அது புறப்பட்டுப் போனபோது கூண்டின் கண்ணாடி நடுங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவருடைய விலா எலும்பும் நடுங்கியது. ஓட்டியவனின் முகம் ஞாபகமில்லை. அந்த உறுமலை மட்டும் மனிதர் மறக்கவில்லை. பிறகு அதே நிலையத்தை வாங்கினார், வீடு வாங்கினார், தலைவரானார். கடைசியில் ஐந்து லீற்றர், எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு கொண்ட மஸ்டாங்கையும் வாங்கினார். மனைவி சந்திரவதனாவிடம் இது ஒரு முதலீடு என்று விளக்கினார். "முதலீட்டுக்கு ஏனப்பா இவ்வளவு சத்தம்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

அது பழைய சத்தம். புதுச் சத்தம், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் ஜெனோசனின் கைவேலை. காரைக் கொண்டுபோன பத்மநாதனிடம் அவன் காரை மூன்று முறை சுற்றிவந்து, துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல நின்றான். "கார் நல்ல கார் அண்ணை. ஆனா நிக்கிற நிலையைப் பாருங்கோ, மாட்டு வண்டில் மாதிரி. ரெண்டு இஞ்ச் இறக்கினாத்தான் அதுக்கு ஒரு மரியாதை." மரியாதை என்ற சொல்லுக்குப் பத்மநாதன் வாழ்நாளில் மறுப்புச் சொன்னதில்லை. ஸ்பிரிங் மாறியது. சைலன்சர் மாறி, கை மொத்தத்தில் இரண்டு குழாய்கள் காரின் அடியால் ஓடின. நடுவில் இரண்டு கறுப்புக் கோடு இழுக்கப்பட்டது. நம்பர் பிளேட்டில் அவருடைய பெயர் ஏறியது. அது அவருடைய பெயர்தான் என்பது அவர் பக்கத்தில் நின்று விளக்கிய பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

ஜெனோசனுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பத்மநாதனின் வீடு இருப்பது தெருவின் அந்தலையில், கடைசி முனையில். அங்கிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஐந்து வேகத்தடை மேடுகளைத் தாண்ட வேண்டும். மறுபக்கத்தால் போகலாம் என்றால் அங்கே கவுன்சில் பெரிய மரத்தொட்டிகளில் பூச்செடி வைத்து வழியை அடைத்திருந்தது. இந்த ஐந்து மேடுகளுக்கும் அந்தப் பூச்செடிகளுக்கும் காரணமான மனுவை ஆறு வருடத்துக்கு முன் எழுதியவர், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவர், திறப்பு விழா என்று ஒன்று இல்லாதபோதும் முதலாவது மேட்டின்மேல் ஏறி நின்று படம் எடுத்துச் சங்க மலரில் போட்டவர், பத்மநாதன்தான். இளம் பொடியள் காதைக் கிழிக்கிற சத்தத்தோடு கார் ஓட்டுகிறார்கள் என்பது மனுவின் முதல் வரி.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். மகள் சொன்ன ஒரு வசனம்தான் அவரைக் குப்புறப் படுக்க வைத்தது. கஜந்தினி மூன்று வருடமாகச் சிநேகிதிகளோடு தனியாக இருந்தாள். ஞாயிறு தோறும் தாயோடு போனில் பேசுவாள். தகப்பனோடு பேசும்போது இரண்டு பேருக்கும் காலநிலை மட்டும்தான் வாய்க்கும். அவளுக்குக் கல்யாணம் சரிவந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு வெள்ளை நிறத்தில் நீளமான கார் ஒன்றைப் பேசிவிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். கஜந்தினி, "வேண்டாம், நான் அப்பாவின்ரை காரிலை வாறன்," என்றாள். அந்த ஐந்து சொல்லைப் பத்மநாதன் யாருக்கும் காட்டாத ஒரு சான்றிதழைப் போலப் பத்திரப்படுத்தியிருந்தார். அதன் பிறகுதான், மகள் ஏறப்போகும் கார் இன்னும் கொஞ்சம் வடிவாக இருக்கட்டும் என்று ஜெனோசனிடம் போனார்.

கல்யாணத்துக்கு முந்திய மூன்று வாரமும் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு மேட்டையும் எந்தக் கோணத்தில் சரித்து ஏற வேண்டும், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று மனப்பாடமாகிவிட்டது. ஐந்தையும் தாண்டினார். ஒரு கீறலும் இல்லை. எல்லா ஒத்திகையிலும் அவர் தனியாகவே இருந்தார் என்பதும், பெற்றோல் தாங்கி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கவில்லை என்பதும் அப்போது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

கல்யாண நாள் காலை, முகூர்த்தம் பத்து முப்பத்தாறிலிருந்து பதினொன்று நாற்பது. மண்டபம் இருபது நிமிட ஓட்டம். சொந்தக்காரர் எல்லோரையும் பத்மநாதன் முன்னதாகவே அனுப்பிவிட்டார். சந்திரவதனாவின் சின்னக் காரும் சீர்த்தட்டுகளோடு போய்விட்டது. எல்லோரும் மண்டப வாசலில் போனைப் பிடித்தபடி காத்திருக்க, மஸ்டாங் உறுமிக்கொண்டு வந்து நிற்பதுதான் திட்டம். தாங்கியை வாய்வரை நிரப்பியிருந்தார். இரண்டு கதவுக் கார் என்பதால் முன் சீற்றை மடித்து, சந்திரவதனாவை ஒரு பெரிய பெட்டியை லொஃப்டில் ஏற்றுவது போலப் பின்னால் ஏற்றினார்கள். அவருடைய மடியில் தேங்காயும் பழமும் அடுக்கிய தட்டம். பிறகு கஜந்தினி முன்னால் ஏறினாள். சேலை, அட்டியல், பூச்சடை, ஒட்டியாணம் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. கார் மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

முதலாவது மேட்டில் சத்தம் கேட்டது. இரும்புச் சட்டியின் அடியைக் கரண்டியால் வறுகுகிற சத்தம். பத்மநாதனுக்கு அது தன் வயிற்றில் நடப்பதாகவே பட்டது. பின்னால் எடுத்தார், திரும்பவும் வறுகியது.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா இறங்கி, மேட்டுக்கு அங்காலை போய் நில்லுங்கோ," என்றார், பக்கத்தைப் பாராமல். "ஒரு நிமிச வேலை."

ஒரு நிமிடத்தில் முடியவில்லை. கஜந்தினி இறங்க வேண்டும், சீற்றை மடிக்க வேண்டும், தட்டத்தை வாங்க வேண்டும், சந்திரவதனாவைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கார் மேட்டைத் தாண்டும். பிறகு எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். இரண்டாவது மேட்டில் தெருவார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவதில், இனி ஏறி இறங்க ஏலாது, நடந்தே வருகிறேன் என்று சந்திரவதனா தட்டத்தோடு முன்னால் நடக்கத் தொடங்கினார். கஜந்தினியும் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாயோடு சேர்ந்துகொண்டாள். பின்னால் எட்டுச் சிலிண்டரும் உறும, மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் மஸ்டாங் வந்தது. பார்ப்பவர்களுக்கு, இரண்டு பெண்கள் ஒரு மஞ்சள் எருமையை மேய்த்துக்கொண்டு போவது போலிருந்தது. நேரம் பத்து ஐம்பத்தைந்து.

பியற்றிஸ் அக்காவும் கல்யாணத்துக்கு வெளிக்கிட்டு, நீலச் சேலையோடு டாக்ஸி பார்த்து நின்றவர், இந்த ஊர்வலத்தில் கலந்துகொண்டார். நாலாவது மேடு போன மாதம்தான் கவுன்சில் புதிதாகப் போட்டது. தெருவாசி ஒருவர் பழைய மேடு தேய்ந்துவிட்டது என்று கடிதம் எழுதியிருந்தார். அந்தத் தெருவாசி இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன் ரயர் தாண்டியது. நடுவில் அதே சத்தம். இந்த முறை காருக்குள் அவரைத் தவிர யாருமில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லுறன், கோவியாதையும்," என்றார் பியற்றிஸ், ஜன்னலுக்குக் குனிந்து. "மேடு கேட்ட அந்த மனுவிலை முதல் கையெழுத்து என்ரை. அது நான் செய்த பிழைதான். இப்ப என்ரை டாக்ஸி தெருமுனைக்கு வருது. பிள்ளை அதிலை வரட்டும். நேரம் போகுது."

பத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார். தெருமுனையில் சாம்பல் நிறக் கார் ஒன்று, எந்த மரியாதையும் இல்லாத சாதாரணக் கார், மேடுகளுக்குப் போதிய உயரத்தோடு வந்து நின்றது தெரிந்தது. கஜந்தினியின் கண்ணும் அந்தப் பக்கம் போனது. போ பிள்ளை என்று சொல்லப் பத்மநாதன் வாயெடுத்தார். வந்தது வெறும் இருமல்.

சந்திரவதனா தட்டத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மூன்று வாரமாக இந்த மனுஷன் விடியற்காலையில் செய்வதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பியற்றிஸின் குடையை வாங்கி, அதன் நுனியால் பழத்தைக் காரின் அடியில் தள்ளினார். பழம் போய் நடுவில் இறுகிக்கொண்டது. பத்மநாதன் அதைப் பார்க்கவென்று கதவைத் திறந்து இறங்கினார். அவர் காலைத் தரையில் வைத்ததும் கார் ஒரு நெடுமூச்சோடு எழும்பியது. எலுமிச்சம்பழம் விடுதலையாகி மறுபக்கத்தால் உருண்டு, தெருவோரச் சாக்கடைக் கம்பியில் போய் நின்றது.

பத்மநாதனின் தொண்ணூற்றாறு கிலோவையும் பழமே சொல்லிவிட்டது.

கஜந்தினி குனிந்து செருப்பைக் கழற்றித் தாயிடம் கொடுத்தாள்.

"அப்பா, தள்ளி நில்லுங்கோ. நான் எடுக்கிறன்."

அந்தக் காரின் ஸ்டியரிங்கை இதுவரை வேறு யாரும் தொட்டதில்லை. கராஜில்கூட ஜெனோசன் ஓட்டி உள்ளே கொண்டுபோவதைப் பார்க்க மனமில்லாமல், பத்மநாதன் தானே உள்ளே விட்டுவிட்டு வருவார். மகளுக்குக் கார் பழக்கியவரும் அவர்தான். அந்த ஆறு மாதத்தில் அவர் கத்திய கத்தலில் பாதி காலநிலைப் பேச்சாக மாறி இப்போதும் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"டாக்ஸி நிக்குது பிள்ளை," என்றார், மெதுவாக.

"நான் உங்கடை காரிலை வாறன் எண்டெல்லோ சொன்னனான்."

பூச்சடையைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சீற்றை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். மருதாணிக் கால் பெடலைத் தேடியது, கார் மேட்டிலிருந்து பின்னால் இறங்கியது. பத்மநாதன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் போய், ஒரு கையைத் தூக்கிப் பின்பக்கமாக நடந்தார். மெல்லமா, கொஞ்சம் இடப்பக்கம் சரி, மூச்சைப் பிடி என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது. தெரியும் என்பது போல இருந்தது. கார் ஏறியது, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதைப் போல ஒரு கணம் நின்றது, இறங்கியது. சத்தமே இல்லை.

அவர் ஒதுங்கி, கார் கடந்ததும் மேட்டின்மேல் ஏறி நின்றார். நிற்பாள் என்று நினைத்தார். அவள் நிற்கவில்லை, ஐந்தாவது மேட்டை நோக்கிப் போனாள், அவர் மூன்று வாரம் பழகிய அதே கோணத்தில் சரித்தாள், தாண்டினாள். பெரிய ரோட்டு முனையில் நின்ற காரின் பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சந்திரவதனா தட்டத்தைக் கணவன் கையில் திணித்துவிட்டு, பியற்றிஸைப் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கியபடி காரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பத்மநாதனும் ஓடத்தான் வேண்டும். நேரம் பதினொன்று பத்து. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கஜந்தினி, வேணுமென்றோ கால் தவறியோ, எஞ்சினை ஒருமுறை முழுதாக உறுமவிட்டாள். இத்தனை நாளும் உள்ளே இருந்து ஓட்டியதில், வெளியே நிற்பவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிகளும் நடுங்கின. தட்டத்தில் தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தேங்காய்த் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு, பத்மநாதன் நாலாவது மேட்டின் உச்சியில், லண்டன் மாநகரத்துக்கு நாலு அங்குலம் மேலே, வாய் திறந்தபடி நின்றார்.