பத்தாம் நம்பர் ஸ்பேனர்

சனிக்கிழமை காலை பழைய இரும்புக்காரன் வருவான் என்று மாப்பிள்ளை ராஜ்குமார் போனில் சொன்னார். கார் என் பேரில் இருக்கிறது. நாள் குறித்தது அவர்.

தப்பு என் வாயிலும் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடும். தஞ்சாவூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பலகை மாதிரி ஒரு மெஷினைச் செருகிப் பார்த்த ஆள், "வண்டியோட கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது, போயிடுச்சு" என்றான். மாப்பிள்ளை என் மகள் முன்னாலேயே சிரித்தார்.

"எடைக்குப் போட்டுட்டு பஸ்ஸுல போங்க மாமா."

"சனிக்கிழமைக்குள்ள கோளாறு எதுன்னு கண்டுபிடிச்சு ஓட்டிக் காட்டுறேன் மாப்ள. இல்லாட்டி சாவிய நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் அடுத்தவன் காரை ஓட்டிவிட்டு, கடைசியில் எனக்கென்று வாங்கிய கார் அது. இரண்டாயிரத்து இரண்டாம் வருட மாடல்.

பூதலூர் ஸ்டேஷன் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக்கிடம் போனேன். பதினெட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்தவர். வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாம் தெரிந்த மாதிரித்தான் பேசுவார்கள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

"கம்ப்யூட்டர் போயிருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகாதுண்ணே. அவங்க மெஷின் புதுசு. பழைய வண்டி பேசுற பேச்சு அதுக்குத் தெரியாது. இது ஒரே ஒயர்ல பேசும். அதக் கேக்குற மாதிரி ஒரு கேபிள் நாமளே கட்டிரலாம்."

"என்ன கேப்பீங்க?"

"டீ வாங்கிக் குடுங்க, போதும்."

டீ போதும் என்கிறவனை நான் நம்புவதில்லை. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பழைய செல்போன் டேட்டா கேபிள் ஒன்றை அறுத்தார். ஏதோ ஒரு போர்டிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டரைப் பிடுங்கினார். காரின் சாக்கெட்டுக்குப் பொருத்தமான பிளக் கிடைக்காததால் டிவி பின்களை டேப் சுற்றி ஒப்பேற்றினார். சாவியைப் போட்டதும் புகை வந்தது. ஐந்து வோல்ட் தாங்கும் இடத்தில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டையும் கொடுத்துவிட்டாராம்.

"ஷார்ஜாவுலயும் இப்பிடித்தான் கட்டுனீங்களா பாய்?"

"அங்க பக்கத்துல உக்காந்து நொய்நொய்னு யாரும் பேச மாட்டாங்கண்ணே."

இரண்டாவது கேபிள் புதன்கிழமை வேலை செய்தது. அவருடைய ஓட்டை லேப்டாப்பில் இன்ஜின் சுற்றுவது எண்ணாக ஓடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், எண் ஏறியது. விட்டேன், இறங்கியது. பிறகு கோளாறு இருக்கிறதா என்று ஒரு பட்டனைத் தட்டினார். பூஜ்யம்.

"ஒண்ணும் இல்லண்ணே. வண்டி நல்லாருக்கு."

"நல்லாருக்கிற வண்டி ஏன்யா நடுரோட்டுல நிக்குது?"

வியாழக்கிழமை பூண்டி பக்கம் போகும்போது மறுபடி நின்றது. என் வழக்கப்படி சரிசெய்து நேராகக் கடைக்கு ஓட்டி வந்தேன். பூஜ்யம். இரவெல்லாம் எரிச்சல். கேபிளே பொய்யோ, இல்லை இந்த பாய் மாப்பிள்ளையிடம் பேசி வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவரையே காரில் ஏற்றிக்கொண்டேன். நிற்பதைக் கண்ணால் பார்க்கட்டும். லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம்கூட நிற்காது என்பதால் அதை மூடி மடியில் வைத்திருந்தார். குறுவை அறுப்பு. ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது. சரியாக அதன் மேல் ஏறும்போது வண்டி செத்தது.

நெல் கிளறிக்கொண்டிருந்த கனகா பலகையோடு வந்தாள். "பெரியப்பா, ஒங்க வண்டிக்கு ஊருல வேற எடமே இல்லையா? என் நெல்லு மேலதான் படுக்கணுமா?"

இறங்கினேன், பானெட்டைத் தூக்கினேன், இடுப்பு மடிப்பிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன்.

உள்ளே லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்த ஜாஃபர் கத்தினார். "என்னண்ணே பண்றீங்க!"

"பேட்டரிய ஆறப் போடுறேன். கால்மணி நேரம் கழட்டி வச்சா ஸ்டார்ட் ஆயிரும். எப்பவும் இப்பிடித்தான்."

"எப்பவுமா?"

"நின்னாலும் கழட்டுவேன். வீட்டுல விட்டாலும் கழட்டுவேன். மாப்ள ஒரு தடவை சொல்லாம கொள்ளாம வேளாங்கண்ணிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. அதுலேருந்து ஒங்க கடை வாசல்ல விட்டாலும் கழட்டுவேன்."

அவர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இந்தப் பழைய கம்ப்யூட்டர் கோளாறை எல்லாம் பேட்டரி கரண்டுல ஞாபகம் வச்சுக்கிட்டிருக்கும். டெர்மினலக் கழட்டுனா மறந்துரும். மூணு நாளா அது சொல்ல வர்றத எல்லாம் நீங்களே அழிச்சுக்கிட்டிருக்கீங்க. ஸ்டார்ட் ஆனது நீங்க கழட்டுனதால இல்ல. சூடு ஆறுனதால."

"மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"ஸ்பேனர மடியில கட்டிக்கிட்டு வருவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

கனகா சிரித்த சிரிப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

ஜாஃபர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அப்ப நான் எறங்கி நடக்குறேன்" என்றார். கொடுத்தேன். டெர்மினலை அவரே மாட்டிவிட்டு ஸ்பேனரைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் போய்த் திரும்பினோம். வரும் வழியில் அதே நெல் மேல் மறுபடி நின்றது. கனகா இந்தத் தடவை பலகையை ஓங்கிக்கொண்டே வந்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கை அரித்தது.

லேப்டாப்பில் ஒன்று என்று வந்தது. இன்ஜின் சுற்றுவதைப் பார்க்கும் சென்சார். சூடேறினால் அதற்குக் கண் அவிந்துபோகிறது. கட்டைவிரல் அளவு சாமான்.

அன்றைக்கே தஞ்சாவூர் போய்த் தேடி வாங்கினேன். சனிக்கிழமை காலை காருக்கு அடியில் படுத்திருக்கும்போது இரும்புக்காரன் வண்டி வந்தது. மாப்பிள்ளையின் செருப்பும் தெரிந்தது.

"நீங்க கட்டுன கேபிளு நீங்க நெனச்சதத்தான் மாமா சொல்லும்."

"ஓட்டிக் காட்டுறேன் மாப்ள. அந்தாண்ட நில்லுங்க."

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். தடவிப் பார்த்தேன். பத்தாம் நம்பர். மடியைத் தடவினேன். படுத்தபடியே போன் போட்டேன்.

"பாய், ஸ்பேனரக் கொண்டாங்க."

"பேட்டரியக் கழட்டவாண்ணே?"

"யோவ், சென்சாருக்குய்யா!"

"நானே வந்து கழட்டுறேன். ஒங்க கையில தர மாட்டேன்."

வந்தார், மாட்டினார். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உச்சி வெயிலில் கல்லணை போய் வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. இரும்புக்காரன் காலியாகத் திரும்பினான். மாப்பிள்ளை தானே சாவியை உருவி என் கையில் வைத்தார்.

ஸ்பேனர் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால் ஜாஃபர் டீ சொல்கிறார். அன்றைக்கே நினைத்தேன், டீயோடு விடமாட்டார் என்று.