சிக்குவாவின் முதுகு

புத்தர் கோயில் குரு தலைமாட்டில் உட்கார்ந்து மந்திரத்தைப் பாதி ஓதியிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கோட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. விடாமல் கூவியது. அறையில் இருந்தவர்கள் முதலில் கோட்டைப் பார்த்தார்கள். பிறகு வெள்ளைத் துணியால் முகம் மூடிப் படுத்திருந்த இவாவோவைப் பார்த்தார்கள். கோட்டு அவருடையது. காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போனவர், எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பகல் பன்னிரண்டுக்கு நான்கு பேர் அவரை நான்கு மாடி ஏற்றி, வடக்கே தலை வைத்துப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கசுயோ எழுந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்ததில் கால் மரத்திருந்தது. தடுமாறிப் போய் கணவனின் கோட்டுப் பையில் கைவிட்டாள். போனின் திரையில் அவரே தட்டிவைத்த எழுத்துகள் மின்னின. *2.00. சிக்குவா. மூத்திரம்.*

எதை அழுத்தினால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனார் தமாயே அதைப் பிடுங்கி, இரண்டு உட்காரும் திண்டுகளுக்கு நடுவில் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எழுபத்தாறு வயதுத் தமாயேயின் அடியில் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. குரு கண்ணைத் திறக்காமல் மந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார். முடித்தவுடன் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவர் பின்னாலேயே படியிறங்கினார்கள்.

"செத்தும் மானத்தை வாங்குறான் பாரு என் தம்பி," என்றாள் தமாயே. "இது என்னடி கசுயோ, இந்தக் கர்மம்?"

"அதுக்கு மூத்திரம் எடுக்கிற நேரம், அக்கா. காலையில ஆறு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி பத்து."

"பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் துணி மாத்தியிருப்பானா?"

மாற்றியதில்லை.

சிக்குவா அடுத்த சின்ன அறையில், துண்டுகள் விரித்த துணிக்கூடையில் கிடந்தது. கீரிப்பிள்ளையைப் போல நீளமான, வெளிர்பழுப்பு நிற ஃபெரட். குட்டியாக வந்தபோது, நடுவில் ஓட்டை போட்ட மீன்பண்டம் மாதிரி இருக்கிறது என்று இவாவோதான் அந்தப் பண்டத்தின் பெயரையே வைத்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு ஃபெரட் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருஷம் அது வீடெங்கும் ஓடியது. காலுறைகளைத் திருடியது. மடித்த துணி எங்கே இருந்தாலும் உள்ளே நுழைந்து தூங்கியது. கடைசிப் பத்து மாதமாக அதற்கு இடுப்புக்குக் கீழே உயிரில்லை. முன்னங்கால்களால் பாதி உடம்பை இழுத்துக்கொண்டு கூடைக்குள் ஒரு சாண் நகரும். அவ்வளவுதான்.

"அதைப் பாக்கிற டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் தமாயே. "அந்தக் காலண்டர்ல நம்பர் எழுதி வெச்சிருக்கான். ஊசியோட வரச் சொல்லிட்டேன்."

"ஊசியா?"

"பின்ன? நீ செய்வியா இதெல்லாம்? நீ அதைத் தொடக்கூட மாட்டேங்கிறேன்னு அவன்தான் சொல்லுவான். ஊசி போட்டுத் துண்டுல சுத்தி, பெட்டியில அவன் காலடியில வெச்சுடலாம். தகனக்காரன் துண்டைப் பிரிச்சா பாக்கப் போறான்? நாளைக்கு வேற ஆகாத நாள். சுடுகாடு பூட்டியிருக்கும். செத்தவன் துணைக்கு ஆள் இழுக்கிற நாளாம். இழுக்கட்டும். மனுஷங்களை விட்டுட்டு இதை இழுத்துட்டுப் போகட்டும்."

கசுயோ ஊதுவத்தியைப் பார்த்தாள். அது அணையக்கூடாது. முடியப்போகும் வத்தியின் நெருப்பில் இன்னொன்றைக் கொளுத்திச் சொருகினாள். வத்தி சாய்ந்தது; மறுபடி சொருகினாள். துக்கம் என்று தமாயே நினைத்திருப்பாள்.

சிக்குவாவும் போய்விட்டால் அதன் முதுகைப் பற்றி இனி யாரும் பேசமாட்டார்கள். இதைத்தான் கசுயோ நினைத்துக்கொண்டிருந்தாள். கணவன் கிடக்கும் அறையில், அவர் செத்து ஏழு மணி நேரம்கூட ஆகாத நிலையில், கணக்காக இதைத்தான் நினைத்தாள்.

பத்து மாதத்துக்கு முன்பு, பல நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்த ஒரு காலை. குடியிருப்பில் எல்லா பால்கனியிலும் மெத்தைகள் தொங்கின. கசுயோவும் இவாவோவின் மெத்தையை அப்படியே சுருட்டி, இரண்டு கையாலும் தூக்கி, கைப்பிடிச் சுவரில் போட்டாள். உள்ளே பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் தூக்கவேண்டும் என்று இவாவோ நூறு தடவை சொல்லியிருந்தார். பிரம்பு மட்டையை எடுத்து ஓங்கி இரண்டு அடி போட்டாள். மூன்றாவது அடிக்கு முன்பு மெத்தை உறையின் பிளவிலிருந்து ஏதோ சரிந்தது. ஒரு கணம் தொங்கியது. பிறகு நான்கு மாடிக்குக் கீழே, சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் சத்தம் கேட்டது.

அடியா, விழுந்ததா, எது முதுகை ஒடித்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இவாவோ குளித்துக்கொண்டிருந்தார். கசுயோ மெத்தையை உள்ளே இழுத்துப் போட்டாள். பால்கனியின் கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், "சிகரெட் பிடிச்சுட்டுக் கதவைச் சாத்தாம வந்துட்டீங்களே, பாருங்க என்ன ஆச்சுன்னு," என்றாள்.

அவர் கதவைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார்.

அன்றோடு சிகரெட்டை விட்டார். கடலோர நகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய கை, தினம் மூன்று வேளை அந்தச் சின்ன வயிற்றைத் தடவிப் பிடித்து அழுத்தி மூத்திரம் எடுத்தது. துடைத்தது. புண் வராமல் களிம்பு பூசியது. அரைத்த கோழியை விரலில் எடுத்து ஊட்டியது. "வந்துடுச்சா, ராசா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் பேசுவதைக் கசுயோ சமையலறையில் நின்று கேட்பாள். நாற்பத்தோரு வருஷத்தில் அவளோடு அவர் பேசியதைவிட அந்தப் பத்து மாதத்தில் அதனோடு பேசியது அதிகம்.

நெஞ்சுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று தடவை தேதி கொடுத்தார்கள். மூன்றுமே மத்தியான நேரம்.

"ரெண்டு மணிக்கு நான் இருக்கணுமே," என்றார் இவாவோ. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ எடுத்துவிடுறியா?"

"எனக்கு அதைத் தொடவே ஆகாது," என்றாள் கசுயோ.

அவர் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதியைத் தள்ளிப்போட்டார். மூன்றாவது தேதி அடுத்த வாரம் வர இருந்தது.

"என்னடி நிக்கிற?" என்றாள் தமாயே. "டாக்டரம்மா வர்றதுக்குள்ள அது வெடிச்சிடப் போகுது. முக்குது பாரு."

அடுத்த அறையிலிருந்து சன்னமாக முனகல் வந்தது. கசுயோ போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிக்குவா தலையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் பார்த்தது. வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் தலையைப் போட்டுவிட்டது. பத்து மாதத்தில் முதல் முறையாக அவள் அதன் வயிற்றில் கை வைத்தாள். வயிறு இறுகிக் கிடந்தது. எங்கே அழுத்துவது? பயந்து பயந்து பிடித்தாள். சிக்குவா திரும்பி அவள் கட்டைவிரலைக் கடித்தது. பல் எலும்புவரை இறங்கியது. அவள் கையை இழுக்கவில்லை. அது தானாகவே விட்டது.

மூன்று மணிக்கு மிருக வைத்தியர் நொகாமி வந்தாள். நாற்பது வயதிருக்கும். நான்கு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கறுப்பு உடைக்குக் கீழே மாற்ற மறந்த வெள்ளை ரப்பர் செருப்பு. இவாவோவின் முன்னால் உட்கார்ந்து ஊதுவத்தி கொளுத்தினாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

"பை எங்கம்மா? ஊசி கொண்டு வந்தீங்கல்ல?" என்றாள் தமாயே.

"கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப சட்டுனு முடிச்சுடுங்க. சாயங்காலம் ஆட்கள் வருவாங்க. இவளுக்கு இதோட நாத்தத்துல அழுகைகூட வர மாட்டேங்குது."

"வீட்டுக்காரங்க சொல்லணும்," என்று நொகாமி கசுயோவைப் பார்த்தாள். "முதல்ல மூத்திரத்தை எடுத்துடுவோம். பாவம், ஒன்பது மணி நேரம் ஆச்சு."

தமாயே ஊதுவத்திக்குக் காவலாகப் பெரிய அறையிலேயே இருந்துகொண்டாள். நொகாமி சின்ன அறைக்கு வந்து கதவை இழுத்து மூடினாள். கசுயோவின் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"கடிச்சுதா?"

"நான் பிடிச்சது சரியில்ல."

"பரவாயில்லையே, பிடிச்சுப் பாத்திருக்கீங்க." அவள் சிக்குவாவைத் தூக்கி, மூலையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டிக்கு மேலே பிடித்தாள். விரல்கள் போய்ச் சேர்ந்ததும் அது அடங்கிவிட்டது. மெல்லிய தாரையாக இறங்கியது. நிறம் கறுத்திருந்தது.

"இவ்வளவு நாள் இது உயிரோட இருக்கிறதே பெருசு," என்றாள் நொகாமி. "மூணு மாசம் தாங்காதுன்னு சொல்லியிருந்தேன். உங்க வீட்டுக்காரர் கேக்கல. இப்ப நீங்க சொல்லுங்க. ஊசி போட்டா வலி இருக்காது. தூங்கிடும். யாரும் உங்களைத் தப்பு சொல்ல மாட்டாங்க."

யாரும் தப்பு சொல்லமாட்டார்கள்.

பெரிய அறையில் தமாயே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, திடீர்னுதான். ஆமா, நல்ல மனுஷன். அந்த மிருகத்துக்கு உழைச்சே போயிட்டான்."

"மறுபடியும் பத்து மணிக்கு எடுக்கணுமா?" என்றாள் கசுயோ.

"எடுக்கணும்."

"அப்ப எனக்குக் காட்டிக் குடுங்க."

நொகாமி சிக்குவாவை அவள் கையில் கொடுத்து, தன் கையை அவள் கைக்கு வெளியே வைத்தாள். "இடது கையை முதுகுக்கு அடியில குடுங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க. வலது கை விரலை இப்படி உள்ள தள்ளித் தேடுங்க. திராட்சை மாதிரி உருண்டையா ஒண்ணு வழுக்கும். அதுதான். வால் பக்கமா மெதுவா அமுக்குங்க. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

கசுயோவின் இடது உள்ளங்கையில் அந்த முதுகு கிடந்தது. ரோமத்துக்கு அடியில் ஓரிடத்தில் எலும்பு மேடாகி விலகியிருந்தது. ஒரு விரல் அகலம்தான். இத்தனை நாள் எதைத் தொடமாட்டேன் என்றாளோ, அது கைக்குள் சூடாக இருந்தது. சிக்குவாவின் முன்பாதி உடம்பில் மூச்சு வேகமாக ஓடியது. பின்பாதி ஈரத்துணி போல அவள் மணிக்கட்டில் தொங்கியது.

திராட்சை வழுக்கியது. அமுக்கினாள். நான்கைந்து சொட்டு விழுந்தது.

"அவ்வளவுதான்," என்றாள் நொகாமி. "கத்துக்கிட்டீங்க."

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"அவர் கதவைத் திறந்து வைக்கல." கசுயோ தொட்டியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னைக்குக் கதவு சாத்தித்தான் இருந்துச்சு. மெத்தையை நான்தான் தூக்கிப் போட்டேன். உள்ள பாக்காம. அடிக்கவும் அடிச்சேன். அப்புறம் அவர் மேல சொல்லிட்டேன். அவரால வந்துச்சுன்னு நம்பிக்கிட்டே போயிட்டார்."

வைத்தியர் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். நொகாமி போகவில்லை. துண்டின் முனையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சிக்குவாவின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் பிறகு. "கொண்டு வந்த அன்னைக்கு ரெண்டு முன்னங்கால் நகத்துலயும் மெத்தை உறை நூல் சிக்கியிருந்துச்சு. பிடிச்சுத் தொங்கியிருக்கு. நானே எடுத்து அவர் கையில குடுத்தேன்."

கசுயோவின் கை அசையவில்லை. "அவர் என்ன சொன்னார்?"

"பாத்தார். பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை வரும்போதும் நான் கேப்பேன், 'வீட்ல சொன்னாங்களா'ன்னு. போன வாரமும் கேட்டேன். 'இன்னும் இல்ல டாக்டர், அவளாச் சொல்லுவா, அவசரம் ஒண்ணும் இல்ல'ன்னார்."